49ஆவது மாதம் என்ன செய்வாய்?

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா மகன் என் வீட்டுக்கு வந்தான். வயது 19, வேலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வரிசையாக அடுக்கி வைத்திருந்தான்.

"மாமா, அக்னிவீருக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அம்மா சம்மதிப்பார்கள்" என்றான். அக்னிவீர் என்றால் நான்கு ஆண்டுக்கு மட்டும் ராணுவத்தில் சேர்க்கப்படும் வீரர்.

நான் மதராஸ் ரெஜிமென்டில் 17 ஆண்டு இருந்தவன். 2000ஆம் ஆண்டு சிப்பாயாகச் சேர்ந்து, 2017இல் ஹவில்தாராக வெளியே வந்தேன். எங்கள் பக்கத்தில் பட்டாளம் என்பது புதிய சங்கதி இல்லை. கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊர்ப்புறத்தில் பிறந்து, அந்தச் சீருடையைப் போட்டுக் கழற்றிய ஒருவன், "போடா கண்ணா, நல்லது" என்று சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். அன்று நான் அப்படிச் சொல்லவில்லை. "ஏன் போக வேண்டும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"உங்களை மாதிரி இருக்க வேண்டும் மாமா."

இந்தப் பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. என்னைப் பார்க்கும்போது அவன் கண்ணில் என்ன படுகிறது? மாதம் பிறந்தால் வங்கியில் விழும் ஓய்வூதியம். கேண்டீன் அட்டை. எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்ளும் ஈசிஎச்எஸ் அட்டை. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் கிடைத்த வங்கி ஆயுதக் காவலர் வேலை. இவை எல்லாம் 2000ஆம் ஆண்டில் நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்தவை. அவன் கையெழுத்திடப் போகும் ஒப்பந்தம் வேறு. இந்த வேறுபாட்டை யாரும் அவனிடம் உட்கார்ந்து சொல்லவில்லை. ஊரில் இருக்கும் என்னைப் போன்ற பட்டாளத்துக்காரர்கள் பழைய கணக்கையே சொல்லிப் பையன்களை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் நாட்டுப்பற்றால் மட்டும் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆள்சேர்ப்பு முகாம் என்று கேள்விப்பட்டு நண்பர்களோடு போனேன். ஓடினேன், எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நான் யோசித்தது. நாட்டைப் பற்றிய உணர்வு பிறகு வந்தது. எல்லையில் நின்ற பிறகு, பக்கத்தில் நின்றவன் குண்டடிபட்ட பிறகு வந்தது. வந்ததும் ஆழமாக வந்தது, இன்றுவரை போகவில்லை.

நீலகிரியில் எங்கள் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருக்கும் வெலிங்டனில் முதல் நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போதே உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு அது. கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் மூடியில் வெள்ளை பெயின்டால் எண்ணும் பெயரும் எழுத வேண்டும். பெயின்டர் கிடையாது, நாமேதான் எழுத வேண்டும். எனக்குக் கை நடுங்கிப் பெயரின் கடைசி எழுத்து சரிந்துவிட்டது. பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் வந்து பார்த்தார். துணியால் முழுவதையும் துடைத்துவிட்டு, "மறுபடி எழுது" என்றார். நான்காவது தடவைதான் ஒப்புக்கொண்டார். அந்தப் பெட்டி இப்போதும் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது, எழுத்து நேராகவே நிற்கிறது. ஒன்பது மாதத்தில் ராணுவம் எனக்குள் செய்த வேலையை யாராவது கேட்டால் அந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன்.

மதராஸ் ரெஜிமென்ட் சிப்பாய்களைப் பட்டாளத்தில் 'தம்பி' என்று அழைப்பார்கள். தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லோரும் அங்கே தம்பிகள்தான். 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற எங்கள் போர் முழக்கத்தை ஆயிரம் தொண்டைகள் சேர்ந்து எழுப்பும்போது உண்டாகும் சிலிர்ப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. 1758இல் தொடங்கிய படை அது. சாதி கேட்காத ஒரே வரிசையில் நின்று சாப்பாடு வாங்கியதை நான் முதன்முதலில் அனுபவித்த இடம் பட்டாளத்துச் சாப்பாட்டுக்கூடமான லங்கர்தான். எங்கள் ஊரில் அப்போது டீக்கடை பெஞ்சிலேயே சாதி உட்கார்ந்திருந்தது. இந்த நன்மை எந்த அரசாணையிலும் எழுதப்பட்டிருக்காது. நான்கு ஆண்டே இருந்தாலும் இது அவனுக்கும் கிடைக்கும்.

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்தது. உடனே படைகள் எல்லைக்கு நகர்த்தப்பட்டன. ஆபரேஷன் பராக்ரம். நான் பட்டாலியனுக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ராஜஸ்தான் எல்லையில் மணலுக்குள் பத்து மாதம் இருந்தோம். போர் வருமா வராதா என்று தெரியாமல் தினமும் பதுங்கு குழியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த நாட்கள். கண்ணிவெடி புதைத்த இடங்களில் ஒரு தப்படி தவறினால் கால் போய்விடும். அந்த வயதில் எனக்குப் பயத்தைவிடச் சலிப்பே பெரிய எதிரியாக இருந்தது. காத்திருக்கத் தெரியாதவன் ராணுவத்துக்குச் சரிப்பட மாட்டான் என்று அங்கே தெரிந்துகொண்டேன்.

அடுத்தது, சொல்லக் கஷ்டமான ஒன்று. 2006இல் நான் காஷ்மீரில் குப்வாராவில் இருந்தேன். அப்பாவுக்கு மாரடைப்பு. செய்தி எனக்கு எட்டும்போது மாலையாகிவிட்டது. பனியில் சாலை மூடியிருந்ததால் மறுநாள்தான் கான்வாய் கிளம்பியது. ஸ்ரீநகர், ஜம்மு, அங்கிருந்து ரயில். ரயிலில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் எதிரில் உட்கார்ந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் ரொட்டியை நீட்டினார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்து முடித்திருந்தார்கள். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். அப்பாவின் வேட்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அம்மா மட்டும், "நீ வருவாய் என்று ஒரு நாள் வைத்துப் பார்த்தோம்" என்றார்.

ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் சாதாரண விடுப்பு என்பது என் காலத்து ஜவானுக்கு உரிமையாகச் சொல்லப்பட்டது. காகிதத்தில் பார்த்தால் எந்தத் தனியார் கம்பெனியும் தராத விடுப்பு. ஆனால் தேவைப்படும் நாளில் கிடைக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. அக்னிவீருக்கு ஆண்டுக்கு 30 நாள்தான். ராணுவத்தைப் பற்றி முடிவெடுக்கும் பையன், தன் வீட்டில் தான் இல்லாமல் நடக்கக்கூடிய காரியங்களை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவன் மட்டும் பார்த்தால் போதாது, வீட்டில் இருப்பவர்களும் பார்க்க வேண்டும். அக்கா இதற்குத்தான் பயந்தாள்.

அன்று மாலை நான் ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அவன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டத்தை அறிவித்தபோது சொன்ன சம்பளம் இதுதான். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 33,000, மூன்றாம் ஆண்டு 36,500, நான்காம் ஆண்டு 40,000. இதில் 30 விழுக்காடு, பணி முடியும்போது மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதிக்குப் போகும். ஆகவே முதல் ஆண்டில் கைக்கு வருவது 21,000. அதன் பிறகு 23,100, 25,550, 28,000. நான்கு ஆண்டும் கைக்கு வருவதைக் கூட்டினால் ஏறக்குறைய 11 லட்சத்து 72 ஆயிரம். பிடித்த தொகை 5 லட்சத்துச் சொச்சம், அரசு அதே அளவு போடும், வட்டியும் சேர்ந்து வெளியே வரும்போது சுமார் 11 லட்சத்து 71 ஆயிரம். அதற்கு வருமான வரி கிடையாது. சாப்பாடு, தங்குமிடம், உடுப்பு அரசுச் செலவு. கடினமான இடத்தில் இருந்தால் அதற்கான படி தனி.

"இது நல்ல காசுதானே மாமா?" என்றான்.

நல்ல காசுதான். 20 வயதுப் பையனுக்கு எங்கள் பக்கத்தில் ஷூ கம்பெனி என்ன கொடுக்கும் என்று எனக்குத் தெரியும், அக்கா அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஒழுங்காக இருந்தால் நான்கு ஆண்டு முடிவில் 15 லட்சத்துக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு வெளியே வரலாம். அந்த வயதில் அந்தத் தொகையை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பிறகு நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதில் இல்லாதவற்றை எழுதினேன். நான்கு ஆண்டு முடிந்து வெளியே வரும் அக்னிவீருக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை. அந்தத் தகுதி இல்லாதபோது கேண்டீன் அட்டையும் ஈசிஎச்எஸ் மருத்துவமும் இல்லை. மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரருக்கு உள்ள 10 விழுக்காடும், பொதுத்துறை வங்கிகளில் சி பிரிவில் உள்ள 14.5 விழுக்காடும் அந்தத் தகுதியை ஒட்டியே வருபவை. எனக்கு வேலை கிடைத்தது அந்தக் கதவு வழியாகத்தான். அவனுக்கு வேறு கதவு வைத்திருக்கிறார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு, வயது வரம்பில் தளர்வு என்று 2022இல் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் ஒதுக்கீட்டுக்குள்ளும் போட்டி இருக்கும், தேர்வு எழுத வேண்டும், தயாராக வேண்டும்.

நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். எடுக்கப்பட்டால் இன்னும் குறைந்தது 15 ஆண்டு. முதல் நான்கு ஆண்டு ஓய்வூதியக் கணக்கில் சேராது. "நான் அந்த 25இல் வந்துவிடுவேன்" என்றான். அவன் வயதில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள், அப்படி நினைக்காதவன் ராணுவத்தில் தேற மாட்டான். ஆனால் முடிவெடுக்கும்போது மீதி 75இல் நின்று பார்த்து முடிவெடு என்று சொன்னேன்.

உயிர்ப் பணயத்தைப் பற்றியும் மறைக்கவில்லை. பணியில் இருக்கும் நான்கு ஆண்டுக்கும் 48 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு, அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. பணியின் காரணமாக இறந்தால் 44 லட்சம் கருணைத் தொகையும், முடிக்காத காலத்துக்கான சம்பளமும் சேவா நிதியும் குடும்பத்துக்குப் போகும். ஊனமுற்றால் அதன் விழுக்காட்டைப் பொறுத்து 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் என்று மூன்று படிகள். ஒரேயடியாகப் பார்த்தால் பெரிய தொகை. ஆனால் என்னோடு நாயக் பதவியில் இருந்து இறந்த ஒருவரின் மனைவிக்கு இன்றும் மாதாமாதம் குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருக்கிறது. அக்னிவீர் குடும்பத்துக்கு அது கிடையாது. அக்கா இதை எல்லாம் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் பேச வேண்டுமா என்று எனக்குத் தயக்கம்தான். பேசினேன். கையெழுத்துப் போடுபவன் அவன் என்றாலும் அதைச் சுமக்கப் போகிறவள் அவளும்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம் என்ற நினைப்பு வேண்டாம். மிக அபூர்வமான காரணத்துக்கு மேலிடம் அனுமதித்தால் ஒழிய நடுவில் வெளியேற முடியாது. அப்படி வந்தாலும் தான் போட்ட பணமும் வட்டியும்தான் கிடைக்கும், அரசு போடும் பங்கு கிடைக்காது.

இத்தனையும் சொன்ன பிறகு அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நான்கு ஆண்டு என்றால் 48 மாதம். 49ஆவது மாதம் என்ன செய்வாய்?"

பதில் வரவில்லை. "எழுதிக்கொண்டு வா, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பினேன். அக்கா கோபித்துக்கொண்டாள், பையன் முகம் வாடிவிட்டதாம். எனக்கும் வருத்தம்தான். ஆனால் முதல் அணி அக்னிவீர்கள் 2022 டிசம்பர் இறுதியிலும் 2023 ஜனவரியிலும் பயிற்சிக்குப் போனவர்கள். அவர்களுக்கு 49ஆவது மாதம் என்பது 2026 முடிந்து 2027 பிறக்கும் நேரம். அதுவரை இந்தக் கேள்விக்கு ஊரில் யாரும் அனுபவத்திலிருந்து பதில் சொல்ல முடியாது. ஒவ்வொருவனும் தானே யோசித்தாக வேண்டும்.

நான் அவனுக்கு வேறு ஒரு வழியையும் காட்டினேன். எங்கள் தெருவில் சிப்பாயாகப் போனவர்கள் நிறையப் பேர். அதிகாரியாகப் போனவர் ஒருவர்கூட இல்லை. தகுதி இல்லாமல் இல்லை, அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல்தான். பட்டம் முடிப்பவர்களுக்கு யுபிஎஸ்சி ஆண்டுக்கு இருமுறை ராணுவ அதிகாரிகளுக்கான சிடிஎஸ் தேர்வு நடத்துகிறது. அதன் வழியாகச் சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்குப் போகலாம், 49 வாரப் பயிற்சி. முடிந்தால் லெப்டினன்ட். குறுகிய காலப் பணி, 10 ஆண்டு, விரும்பினால் மேலும் 4 ஆண்டு நீட்டிக்கலாம். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. பெண்களும் போகலாம், எங்கள் பக்கத்துப் பெண்களின் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்சிசி 'சி' சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமலேயே, அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்காணலுக்குப் போகும் தனி வழி உண்டு. அக்கா மகன் கல்லூரியில் என்சிசியில் இருக்கிறான், ஆனால் அந்தச் சான்றிதழின் அருமை அவனுக்குத் தெரியாது. எஸ்எஸ்பி ஐந்து நாள் நடக்கும். அதில் அவர்கள் தேடுவது ஆங்கில உச்சரிப்பை இல்லை. தெளிவாக யோசிக்கிறானா, மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலை முடிக்கிறானா என்பதைத்தான் பார்ப்பார்கள். கிராமத்துப் பையன்கள் ஆங்கிலத்துக்குப் பயந்து அந்தப் பக்கமே போகாமல் இருப்பது எனக்குத் தீராத ஆதங்கம். பேசப் பழகினால் வந்துவிடும். இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் வெலிங்டனுக்குப் போன நான் ஆறே மாதத்தில் இந்தியில் சண்டை போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவன் மறுபடி வந்தான். ஒரு பக்கம் எழுதியிருந்தான். பட்டத்தை முடிக்காமல் போவதில்லை. இறுதி ஆண்டில் என்சிசி 'சி' தேர்வு. பட்டம் கையில் வந்ததும் சிடிஎஸ் எழுதுவான். வயது வரம்புக்குள் அக்னிவீர் தேர்வையும் எழுதுவான், எது முதலில் வருகிறதோ அதில் போவான். அக்னிவீராகப் போனால் 49ஆவது மாதம் மத்தியக் காவல் படை அல்லது தமிழ்நாடு காவல்துறைத் தேர்வு, அதற்கு மூன்றாம் ஆண்டிலிருந்தே படிப்பது. சேவா நிதியில் அம்மாவின் மகளிர் குழுக் கடனை அடைத்து, மீதியைத் தொடாமல் வைப்பது. நான் அதைப் படித்துவிட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவளும் படித்தாள்.

அதற்குப் பிறகு நான் தடை சொல்லவில்லை. தயாரிப்பில் இறங்கினோம். போக நினைக்கும் மற்ற பையன்களுக்கும் பயன்படும் என்பதால் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். நம் தமிழ்ப் பையன்களுக்கு இன்ஷியல் ஒரு பெரிய தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்ஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஒத்துப்போகும்படி ஆதாரில் திருத்திவிட வேண்டும். அப்பா, அம்மா பெயர்களுக்கும் இதேதான். இதில் நான் பட்டவன். கல்யாணமான பிறகு மனைவி பெயரைப் பார்ட் டூ ஆர்டர் என்ற பணி ஆவணத்தில் பதியக் கொடுத்தேன். 'வசந்தி' என்பதில் 'தி'க்கு ஆங்கிலத்தில் டி மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன், எச் விட்டுப்போனது. அவளுடைய ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் எச் இருந்தது. பத்தாண்டு கழித்து ஓய்வூதியத் தாள்கள் தயாராகும்போதுதான் கண்ணில் பட்டது. ஒரே எழுத்துக்காகப் பிரமாணப் பத்திரம், கடிதம், மறுபடி கடிதம் என்று எட்டு மாதம் ஓடியது. அந்த எட்டு மாதத்தில் எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவள் அந்த எழுத்தோடு எங்கே போய் நின்றிருப்பாள் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பணியில் இருக்கும் தம்பிகள் இதைப் படித்தால் இன்றைக்கே உங்கள் ஆவணத்தில் மனைவி, குழந்தைகள் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

அடுத்தது உடம்பு. ஓட்டம் 1.6 கிலோமீட்டர். 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். பீம் என்று சொல்லும் புல்-அப் பத்து எடுத்தால் 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்ட வேண்டும், வளைந்து போகும் கட்டையில் விழாமல் நடக்க வேண்டும். பையன்கள் ஓட்டத்தை மட்டும் பழகிவிட்டுப் பீமில் ஆறோடு தொங்கிவிடுகிறார்கள். அதுவும் தார்ச் சாலையில் ஓடிக் கணுக்கால் எலும்பில் வலி வாங்கிக்கொள்கிறார்கள். ஏரிக்கரை மண்ணில் ஓடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.

மருத்துவத் தேர்வில் கழிக்கப்படும் காரணங்களைக் கேட்டால் மனம் வெறுக்கும். காதில் அழுக்கு அடைத்திருந்தது என்று தள்ளிவைக்கப்பட்ட பையன்கள் எத்தனை பேர். போவதற்கு ஒரு மாதம் முன்பே காது மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பல், கண், நிறப் பார்வை, தட்டைப் பாதம், நிற்கும்போது முட்டி தட்டுவது எல்லாவற்றையும் ஓட ஆரம்பிக்கும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிறப் பார்வைக் குறையோடு இரண்டு ஆண்டு ஓடி வீணாகிய ஒருவனை எனக்குத் தெரியும். பச்சை குத்துவதைப் பற்றி அக்கா மகனின் நண்பன் ஒருவன் கேட்டான். முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டும்தான் அனுமதி. மேற்கையில் பிடித்த நடிகரின் முகத்தைக் குத்திக்கொண்டு வரிசையில் நின்றால் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். அந்தப் பையன் அப்போதே முழுக்கைச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். பாவம், முன்னமே யாராவது சொல்லியிருக்கலாம்.

கடைசியாகப் புரோக்கர். டீக்கடையில் ஒருவர் அக்காவிடம் மூன்று லட்சம் கேட்டார், "மேலே ஆள் இருக்கிறது" என்றாராம். ராணுவத்தில் சேர யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. இணையவழிப் பொது நுழைவுத் தேர்வு முதலில், அதில் தேறியவர்களுக்குத்தான் ஓட்டமும் உடல் தகுதியும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். விண்ணப்பம் ராணுவத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும். சென்னை, கோவை, திருச்சியில் ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் அங்கே நேரில் போய்க் கேளுங்கள். இப்படிப்பட்ட புரோக்கர் பேச்சை நம்பி நகையை அடகு வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பையன் தன் உழைப்பில் தேறியிருப்பான், காசை வாங்கியவன் தன்னால்தான் ஆயிற்று என்று சொல்லிக்கொள்வான்.

பையன் இப்போது இறுதி ஆண்டு. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரைக்கு வந்துவிடுவான். நானும் கடிகாரத்தோடு போகிறேன். ஆரம்பத்தில் 6 நிமிடம் 50 விநாடி. பொங்கலுக்கு முன் 6 நிமிடத்துக்குள் வந்தான். நேற்று அக்காவும் எங்களோடு வந்தாள், முதல் தடவையாக. சேலையைத் தலையில் போர்த்திக்கொண்டு கரை மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் மதகைத் தாண்டித் திரும்பி வரும்போது எழுந்து நின்றாள்.

"எவ்வளவு தம்பி?" என்று என்னைக் கேட்டாள்.

"5 நிமிடம் 41 விநாடி."

"இன்னும் எவ்வளவு குறைய வேண்டும்?"

"11 விநாடி."

அவன் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அக்கா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். தூக்குவாளியைத் திறந்து ராகிக் கஞ்சியை டம்ளரில் ஊற்றி, ஆறட்டும் என்று கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.